24 செ.மீ. பட்டாலியன்: ஒரு மேசைப் போர் உருவான விதம்

இரண்டு நாடுகளையும் நாமே இட்டுக்கட்டலாம். கொடி, சீருடைக் கோட்டின் நிறம், அரச வம்சத்தின் பழைய பகை என்று எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம்; கேட்க ஆளில்லை. ஆனால் 18-ஆம் நூற்றாண்டு மஸ்கட் துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும், அதைத் தோளில் சாத்திக்கொண்டு ஒரு படைவரிசை நிமிடத்துக்கு எவ்வளவு நடக்கும் என்பதில் மட்டும் கைவைக்கக் கூடாது. வைத்தால் அது போர் ஆட்டம் ஆகாது, பொம்மைகளை இங்கிருந்து அங்கே நகர்த்தி வைக்கும் வேலையாகிவிடும். 28 மி.மீ. உயரப் பொம்மை வீரர்களை வைத்து நான் அமைத்த ஒரு கற்பனைப் போரின் பதிவு இது. வண்ணம் பூசியது, நிலம் செய்தது, விதி எழுதியது, கடைசியில் ஆடித் தீர்த்தது எல்லாம் இதில் வரும். எல்லாமே ஒரே கேள்வியிலிருந்து கிளம்பியவை: ஒரு பட்டாலியன், அதாவது ஒரு காலாட்படைப் பிரிவு, மேசையில் எத்தனை செ.மீ. அகலம்?

கணக்கு

களத்தில் நிற்கும் பட்டாலியனில் ஏறக்குறைய 600 பேர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வரிசையாக நின்றால் வரிசைக்கு 200 பேர். தோளோடு தோள் உரச நிற்பதால் ஆளுக்கு அரை மீட்டரைவிடச் சற்று அதிகம் போகும். ஆக முன்பக்க அகலம் 110 முதல் 120 மீட்டர். என் பொம்மைப் பட்டாலியனில் 24 பேர். ஒரு பொம்மை 25 பேருக்குச் சமம். 12 பேர் வீதம் இரண்டு வரிசை, ஆளுக்கு 2 செ.மீ., மொத்தம் 24 செ.மீ. அப்படியானால் மேசையில் 1 செ.மீ. என்பது களத்தில் 5 மீட்டர்.

இது கிடைத்துவிட்டால் மற்ற அளவுகள் தாமாக வந்து விழும். மஸ்கட்டின் குழாய் உள்ளே வரித்தடம் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். சீக்கிரம் அடைக்க வசதியாகக் குண்டையும் குழாயைவிடச் சற்றுச் சின்னதாக வார்ப்பார்கள். அதனால் குண்டு குழாய்க்குள்ளேயே தட்டித் தடுமாறித்தான் வெளியே வரும். 100 மீட்டருக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைப்பதில் அர்த்தமில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கூட்டமாகச் சுடுவதுதான் வழி. ஆகவே மேசையில் மஸ்கட்டின் எட்டுதூரம் 20 செ.மீ., கிட்டத்துச் சூடு 10 செ.மீ. தகரக் குப்பியில் சிறு குண்டுகளை அடைத்துப் பீரங்கியில் சுடும் கேனிஸ்டருக்கு 300 மீட்டர், அதாவது 60 செ.மீ. பீரங்கியின் உருண்டைக் குண்டுக்கு இங்கே அளவு வைக்கவில்லை, அதற்கென்று ஒரு கோல் பின்னால் வரும். என் மேசை 180 × 120 செ.மீ.; களத்தில் அது 900 × 600 மீட்டர். நிஜத்தில் உருண்டைக் குண்டு அதையும் தாண்டிப் போகும்.

நடை இன்னும் சுவாரசியம். காலடி ஒத்து நடக்கும் படை நிமிடத்துக்கு 75 காலடி வைக்கிறது, காலடி 70 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 50 மீட்டர் சொச்சம், மேசையில் 10 செ.மீ. ஆட்டத்தின் ஒரு சுற்றை இரண்டு நிமிடம் என்று கொண்டேன். கணக்குப்படி 20 செ.மீ. போகலாம். ஆனால் 120 மீட்டர் அகல வரிசை கோணாமல் போக வேண்டுமென்றால் நடுநடுவே நின்று நேராக்கிக்கொள்ள வேண்டும். அதனால் விரித்த வரிசைக்கு 15 செ.மீ., ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் நீள அணிக்கு மட்டும் முழு 20.

குதிரைப்படையில்தான் கணக்கை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. மித ஓட்டத்தில் போகும் குதிரையே நிமிடத்துக்கு 200 மீட்டரைத் தாண்டிவிடும். இரண்டு நிமிடச் சுற்றில் அது மேசையில் 80 செ.மீ.க்கு மேல் பாய்ந்துவிடும், ஆட்டமே கெட்டுப்போகும். 40 செ.மீ. என்று வெட்டினேன். குதிரைகளும் அடிக்கடி நின்று வரிசை சேர்த்துக்கொள்கின்றன என்று சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். முழுப் பொய்யும் அல்ல.

இன்னொரு முரணும் உண்டு. நிலத்தின் அளவு 1:500. பொம்மையின் உயரமோ ஏறக்குறைய 1:60. எனவே 12 மீட்டர் நீள வீட்டைப் பொம்மைக்குப் பொருத்தமாகச் செய்தால் மேசையில் 20 செ.மீ. வரும், நிலக் கணக்கில் அது 100 மீட்டர் நீள வீடு! ஒரு பட்டாலியன் அகலத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இதற்கு முழுத் தீர்வு கிடையாது. வீடுகளைப் பொம்மையைவிடச் சிறிய அளவில், 1:100-இல் செய்வது இந்தப் பொழுதுபோக்கில் பழைய வழக்கம். வாசற்கதவு வீரரின் மார்புயரத்துக்குத்தான் வரும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்கு உறுத்தாது. இரண்டே வீடு வைத்து அதை ஒரு கிராமம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தளம்

24 பேரையும் தனித்தனியாக நகர்த்தினால் விடிந்துவிடும். ஆறு பேரை ஒரு தளத்தில் ஒட்டினேன்: முன்னால் மூவர், பின்னால் மூவர். தளம் 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகை, 6 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம். பட்டாலியனுக்கு நான்கு தளம். அடியில் மெல்லிய இரும்புத் தகடு ஒட்டியிருக்கிறது. பெட்டியின் அடியில் காந்தத் தாள் விரித்தால் எடுத்துப் போகும்போது ஆள் சாயாது.

6 செ.மீ. என்ற அந்த அகலத்துக்கு ஒரு காரணம் உண்டு. நான்கு தளங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக, தளத்துக்குத் தளம் 1 செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்தினால் ஒவ்வொன்றுக்கும் 6 செ.மீ. நீளம், மொத்தம் 24. அதாவது நீள அணியின் நீளமும் விரித்த வரிசையின் அகலமும் ஒன்றே. பிரஷ்யப் படைகள் இப்படித்தான் நடந்தன. பட்டாலியனின் ஒவ்வொரு சிறு பிரிவும், அதாவது பிளாட்டூனும், தன் அகலம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளியில் முன்னதைத் தொடரும். கட்டளை வந்ததும் எல்லாப் பிளாட்டூன்களும் ஒரே நேரத்தில் கால்வட்டம் திரும்பும். பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த அணி அந்தக் கணமே எதிரியைப் பார்த்த வரிசையாகிவிடும்.

மேசையில் அளந்து பார்த்தால் இதன் மதிப்பு விளங்கும். 24 செ.மீ. வரிசை ஒரு முனையை அச்சாக வைத்துக் கால்வட்டம் திரும்ப வேண்டுமென்றால் மறுமுனை 38 செ.மீ. வில்லில் நடக்க வேண்டும். சுற்றுக்கு 15 என்றால் இரண்டரைச் சுற்று. அதே 24 பேர் நான்கு தளமாகப் பிரிந்து தனித்தனியே திரும்பினால் ஒவ்வொரு தளத்தின் வெளிமுனையும் 9.4 செ.மீ. நடந்தால் போதும், ஒரே சுற்றில் முடிந்துவிடும். 1757 டிசம்பர் 5 அன்று லாய்தனில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் ஆஸ்திரியர்களின் வலப்பக்கத்தைத் தாக்குவதுபோலப் பாசாங்கு செய்துவிட்டு, சிறு குன்றுகளின் மறைவில் படையை நடத்திப்போய் இடப்பக்கத்தில் இறக்கினார். அது ஏன் சாத்தியமாயிற்று என்று எத்தனையோ வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன். நான்கு பலகைத் துண்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் கைக்குப் புரிந்தது.

இரு நாடுகள்

ஒன்று லிண்டன்மார்க், வெள்ளைக் கோட்டு. இன்னொன்று ஓபர்ஸாவ், நீலக் கோட்டு. இரண்டும் புனித ரோமப் பேரரசுக்குள் எங்கோ ஒரு மூலையில் இருப்பதாகக் கற்பனை. 300-க்குப் பக்கமாகச் சிற்றரசுகள் இருந்த இடம் அது. இன்னும் இரண்டைச் செருகினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஓபர்ஸாவின் அரசரை எலெக்டர் ஆக்கலாம் என்று அந்தப் படையை நடத்தும் நண்பர் ஆசைப்பட்டார். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எலெக்டர்கள் அப்போது ஒன்பதே பேர், ஒவ்வொருவரும் யாரென்று தெரியும். பத்தாவது ஆளை நுழைக்க எனக்கு மனம் வரவில்லை. லாண்ட்கிரேவ் என்ற சிற்றரசர் பட்டத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டார்.

பெரியவர்கள் இப்படிப் பொம்மைப் படை நடத்துவது அந்த நூற்றாண்டுக்கும் புதிதல்ல. ரஷ்யாவின் மூன்றாம் பீட்டர் பட்டத்துக்கு வருமுன், அட்டைக் கோட்டையில் காவல் நின்ற இரண்டு ஸ்டார்ச் பொம்மைகளைத் தின்ற எலியை இராணுவச் சட்டப்படி தூக்கில் போட்டதாக அவர் மனைவி கேத்தரின் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். என் படையில் பிளாஸ்டிக்கும் உலோகமும்தான்; எலிகளுக்கு ஆபத்தில்லை.

கோட்டின் நிறத்தை எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாலும், அந்தக் காலத்துக்கு ஏற்ற நியாயம் ஒன்று இருந்தால் படை உயிரோடு தெரியும். சாயம் ஏற்றாத கம்பளி மலிவு. ஆஸ்திரியர்களின் வெள்ளை அங்கிருந்து வந்தது. காசில்லாத லிண்டன்மார்க்குக்கு அதுவே. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் மணிக்கட்டுப் பட்டி, மார்பு மடிப்பு, கோட்டின் கீழ்மடிப்பு மூன்றும் ஒரே நிறம். அதை வைத்துத்தான் தூரத்திலிருந்து பிரிவை அடையாளம் காண்பது. முதல் பிரிவுக்குச் சிவப்பு, இரண்டாவதற்குப் பச்சை என்று போனேன். ஓபர்ஸாவ் நீலத்துக்கு எல்லாரும் பிரஷியன் ப்ளூ புட்டியைத்தான் எடுப்பார்கள். அது பெர்லினில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த ஓவிய நிறமி. கோட்டுத் துணிக்கு ஏற்றிய நீலம் அவுரி போன்ற செடிகளிலிருந்து வந்தது. நான் கருநீலத்தில் துளி சாம்பல் கலந்தேன். 28 மி.மீ. ஆளுக்கு அசல் நிறத்தைப் பூசினால் கறுப்பாகவே தெரியும், எப்போதும் ஒரு படி வெளிற வைக்க வேண்டும்.

பூச்சு வேலை

12 வீரர்களை ஐஸ் குச்சிகளில் ஒட்டி, ஒரு நிறத்தை எல்லாருக்கும் முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போவது. 24 பேரை ஒரே மூச்சில் எடுத்தால் பாதியில் சலித்துவிடும்; ஆறு பேராக எடுத்தால் பெயின்ட் தட்டிலேயே காய்ந்துவிடும்.

நீலக் கோட்டுக்குக் கறுப்புப் பிரைமர், அதாவது அடிப்பூச்சு. பெல்ட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் பிரஷ் எட்டாத இடுக்கில் கறுப்பு மிஞ்சினால் அதுவே கோடு கிழித்ததுபோல் எடுப்பாக இருக்கும். வெள்ளைக் கோட்டுக்கு அது சரிப்படாது. கறுப்பின்மேல் வெள்ளை ஏற நாலைந்து பூச்சு போகும், அதற்குள் முகத்தின் செதுக்கெல்லாம் மூடிவிடும். அதற்குச் சாம்பல் பிரைமர், அதன்மேல் எலும்பு நிறம், இடுக்குகளில் தேங்கும்படி நீர்த்த பழுப்பு வாஷ், காய்ந்ததும் மேடான இடங்களில் மட்டும் வெள்ளை. சுத்த வெள்ளையை முழுக்கப் பூசினால் சுண்ணாம்பில் முக்கியெடுத்தது மாதிரி இருக்கும்.

பூசும் வரிசை உள்ளிருந்து வெளியே: முகம், கோட்டு, மடிப்பு நிறம், முழங்காலுக்கு மேல் ஏறும் காலுறை, பெல்ட், துப்பாக்கிக் கட்டை, கடைசியில் உலோகம். வெள்ளைப் பெல்ட் ஒன்றுதான் கண்ணை வாங்கும் வேலை. கை நடுங்கினால் பெல்ட்டை நேராக்க முயல வேண்டாம். பிசிறிய பக்கத்தைக் கோட்டு நிறத்தால் வெட்டிவிடுவது எளிது. மூன்று முனைத் தொப்பியின் விளிம்புக்கு பிரஷ்ஷின் நுனியைவிடப் பக்கவாட்டு நல்லது. விளிம்பின்மேல் மெல்ல இழுத்தால் வெள்ளை அங்கே மட்டும் பிடிக்கும்.

முரசடிப்பவர்களுக்கு நிறத்தைத் தலைகீழாக்கினேன், மடிப்பின் நிறத்தில் கோட்டு. பிரிட்டிஷ் படைகளில் அது வழக்கம். புகைக்குள் கட்டளை முரசில்தான் போகும், முரசுக்காரர் எங்கே என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும். மேசையிலும் அதே பயன். எந்தப் பட்டாலியன் எங்கே நிற்கிறது என்று மேலிருந்து பார்க்கும்போது அந்த ஒரு சிவப்புப் புள்ளிதான் சொல்லும்.

கொடிகள் காகிதம். இரு பக்கமும் கண்ணாடிப் பிம்பமாக அச்சிட்டு, நடுவில் பித்தளைக் கம்பியை வைத்து, பி.வி.ஏ. என்ற வெள்ளைப் பசையில் மடித்து ஒட்டி, ஈரம் காயுமுன் விரலால் அலைபோல நெளித்துவிட வேண்டும். காய்ந்தபின் நெளித்தால் காகிதம் மடிந்து உடையும். வெட்டிய விளிம்பில் வெள்ளை எட்டிப்பார்க்கும், அதை அதே நிறத்தால் தொட்டு மறைக்காவிட்டால் எத்தனை நல்ல கொடியும் காகிதமாகத்தான் தெரியும். கடைசியில் வார்னிஷ்: முதலில் பளபளப்பு, உறுதிக்கு, அதன்மேல் மங்கல், பார்வைக்கு. ஈரக்காற்று நாளில் ஸ்பிரே வார்னிஷ் வெண்படலம் பிடிக்கும். அப்படிப்பட்ட நாளில் பிரஷ்ஷால் பூசுவதே மேல்.

நிலம்

மேட்டுக்கு 2.5 செ.மீ. தடிமனான எக்ஸ்.பி.எஸ். என்ற கெட்டி ஃபோம் பலகை. 120 செ.மீ. நீளத்துக்கு ஒரு முகடு, 30 செ.மீ.யில் ஒரு சிறு குன்று. இயற்கை மேடு சரிவாக இருக்கும். ஆனால் சரிவில் தளம் நிற்காது, வழுக்கும். அதனால் உச்சி தட்டையாகவும் ஓரம் மட்டும் சாய்வாகவும் இருக்கும்படி வெட்டி, உப்புத்தாளால் தேய்த்தேன். மேலே பி.வி.ஏ. பசை, மணல், பழுப்பு, கடைசியில் செயற்கைப் புல். ஃபோம்மேல் நேரடியாகச் சாதாரண ஸ்பிரே பெயின்ட் அடிக்கக் கூடாது, அதிலுள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். பசையும் மணலும் இடுக்கில்லாமல் மூடியபின் அடிக்கலாம்.

ஓடை, தடித்த துணியில் பழுப்புப் பச்சை பூசி நாலைந்து கைப் பளபளப்பு வார்னிஷ் ஏற்றியது. காடு என்பது எல்லை வரைந்த ஒரு பச்சைத் துணி, அதன்மேல் எடுத்துவைக்கக்கூடிய மரங்கள். படை உள்ளே நுழைந்தால் மரத்தை எடுத்துவிடலாம், எல்லை அப்படியே இருக்கும்.

குண்டுக் கோல்

இந்த முயற்சியிலேயே எனக்கு மிகப் பிடித்த பொருள் இதுதான். பீரங்கியின் உருண்டைக் குண்டு வெடிக்காது. வானில் போய், நிலத்தில் பட்டு, துள்ளி, மறுபடி பட்டு, கடைசியில் உருண்டு ஓடும். உயரத்தில் போகும்போது கீழே நிற்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. தாழும் இடங்களில் நிற்பவர்கள் மாண்டார்கள். இதைப் பகடையில் சொல்வதைவிட ஒரு கோலில் சொல்வது நேர்த்தி. பழைய ஆட்டக்காரர்களின் உத்திதான் இது. அளவுகள் மட்டும் என்னுடையவை.

100 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலமுள்ள மெல்லிய மரப்பட்டை. ஒரு முனை பீரங்கி வாயில். அங்கிருந்து 40 முதல் 48 செ.மீ. வரை சிவப்பு, 70 முதல் 76 வரை சிவப்பு, 90 முதல் 94 வரை சிவப்பு. மற்றதெல்லாம் வெறும் மரம். கோலைக் குறியை நோக்கி வைத்து ஒரு பகடை உருட்ட வேண்டும்; 1 விழுந்தால் மறுமுனையை 2 செ.மீ. இடப்பக்கம், 6 விழுந்தால் வலப்பக்கம், மற்றபடி நேர். சிவப்புக்கு அடியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பகடை, 4-க்குக் கீழே விழுந்தால் போனார். நிலம் சேறாக இருந்தால் முதல் சிவப்போடு சரி, குண்டு துள்ளாது.

இதன் அழகு என்னவென்றால், பக்கவாட்டுத் தாக்குதலுக்கு நான் தனி விதியே எழுதவில்லை. வரிசையை நேருக்கு நேர் சுட்டால் ஒரு சிவப்புப் பட்டைக்கு அடியில் அதிகபட்சம் இருவர் சிக்குவார்கள், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். அதே வரிசையைப் பக்கவாட்டிலிருந்து நீளவாக்கில் சுட்டால் 8 செ.மீ. சிவப்புக்கு அடியில் நால்வர். அடுத்த சிவப்பு, அதற்கடுத்த சிவப்பு என்று அவையும் வேலை செய்யும். வடிவியலே தண்டனை கொடுத்துவிடுகிறது.

மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுடும்போது ஆறு பேர் தளத்துக்கு ஒரு பகடை. தூரத்தில் 6, கிட்டத்தில் 5 அல்லது 6 விழுந்தால் எதிரியில் ஒருவர் வீழ்ந்தார். ஒரு பட்டாலியனின் முதல் சூட்டுக்கு மட்டும் பகடை இரட்டிப்பு. ஏனென்றால் அந்த ஒரு தோட்டாதான் சண்டைக்கு முன்னால் நிதானமாக அடைத்தது. அதற்குப்பின் குழாயில் மருந்துக்கரி, கண்ணில் புகை, கையில் நடுக்கம். கால்வாசிப் பேர் வீழ்ந்ததும் மன உறுதிச் சோதனை: இரண்டு பகடையில் 6 அல்லது மேல். அது விழ 72 சதவீத வாய்ப்பு. பாதிப் பேர் போனால் 8 வேண்டும், வாய்ப்பு 42 சதவீதம். எதிரி பக்கவாட்டில் நின்றால் 2 கழிக்க வேண்டும். அப்போது 8 வேண்டியவர் 10 போட்டாக வேண்டும், வாய்ப்பு 17 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வீழ்ந்தவர்களை எண்ண, ஒவ்வொரு பட்டாலியனின் பின்னாலும் ஒரு சிறிய எண் வட்டு.

போர்

ஓபர்ஸாவ் முகட்டைக் காத்து நிற்க வேண்டும், லிண்டன்மார்க் பிடிக்க வேண்டும். நீலம் நண்பர்: நான்கு பட்டாலியன், மூன்று பீரங்கி, கனரகக் குதிரைப்படை இரண்டு, ஹுஸார் என்ற இலகுக் குதிரைப்படை ஒன்று. வெள்ளை நான்: ஐந்து பட்டாலியன், இரண்டு பீரங்கி, டிராகூன் குதிரைப்படை இரண்டு. குதிரைப் பிரிவு ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். நடுவர் நண்பரின் மகள். மேசையில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பது இந்த ஆட்டத்தின் தீராத குறை. அதற்காகக் குன்றுக்குப் பின்னால் இருக்கும் என் படைகளைப் பொம்மையாக வைக்காமல் எண்ணிட்ட அட்டைகளாக வைத்தோம். சில அட்டைகள் வெற்று. எது எது என்பது நடுவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

என் திட்டத்தை இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். வலப்பக்கம் ஓடையைத் தாண்டிக் கிராமம். அதன்மேல் இரண்டு பட்டாலியன்களை முரசடித்து அனுப்பினேன், கூடவே இரண்டு வெற்று அட்டை. நண்பரின் பீரங்கிகள் மூன்றும் அந்தப் பக்கம் திரும்பின. முதல் குண்டு தலைக்கு மேலேயே போனது, வெறும் மரப்பகுதி. இரண்டாவது சுற்றில் நான்கு பேர் வீழ்ந்தார்கள். அவர் ஒரு பட்டாலியனை முகட்டிலிருந்து இறக்கிக் கிராமத்துக்குள் நுழைத்தார். முகட்டில் மீதி மூன்று, 3 செ.மீ. இடைவெளியில் ஒரே நேர்கோடாக.

இதற்குள் குன்றின் மறைவில் என் மூன்று பட்டாலியன்கள் நீள அணியில் இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. மூன்றாம் சுற்றின் முடிவில் தலை வெளியே தெரிந்தது, அட்டைகளைப் பொம்மைகளாக மாற்றினோம். நண்பர் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் காட்டுக்குள் பதுக்கி வைத்திருந்த ஹுஸார்களைக் கையில் எடுத்தார். திரும்பி முடிக்காத நீள அணியைக் குதிரை பக்கவாட்டில் பிடித்தால் மூன்று பட்டாலியனும் சிதறும், சரியான பதிலடிதான்.

நடுவர் தடுத்தார். "அப்பா, மரத்துக்கு நடுவுல குதிரை வரிசையா வராது. வெளியே வந்து ஒரு சுற்று நின்னு சேர்த்துக்கிட்டுத்தான் பாயணும்."

"பெத்த அப்பனுக்கே சலுகை கிடையாதா?"

கிடையாது. விதி எழுதும்போது அவரே ஒப்புக்கொண்டது.

அந்த ஒரு சுற்று எனக்குப் போதுமாக இருந்தது. பன்னிரண்டு தளங்களும் கால்வட்டம் திரும்பின. காட்டோரம் இருந்த பட்டாலியனை மட்டும் எதிர்ப்பக்கமாகத் திருப்பி ஹுஸார்களைப் பார்க்க வைத்தேன். அடுத்த சுற்றில் அவர்கள் பாய்ந்தபோது 10 செ.மீ.க்குள் முதல் சூடு. எட்டுப் பகடையில் நான்கு விழுந்தன. சராசரி மூன்றைத் தொடாது என்பதால் இதில் அதிர்ஷ்டம் உண்டு. பத்துப் பேரில் நால்வர் போனதும் மன உறுதிக்கு 6 வேண்டியிருந்தது, நண்பருக்கு விழுந்தது 5. ஹுஸார்கள் வந்த வழியே காட்டுக்குள் போய் மறைந்தார்கள். 1759-இல் மிண்டனில் பிரிட்டிஷ், ஹனோவர் காலாட்படைகள் தங்கள்மேல் பாய்ந்த பிரெஞ்சுக் குதிரைப்படையை வரிசையில் நின்றே சுட்டு விரட்டின. நடக்கக்கூடியதுதான், ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

ஐந்தாம் சுற்றில் ஒரு பீரங்கியை முகட்டின் வால்பகுதியில் ஏற்றினேன். அங்கிருந்து நண்பரின் வரிசை முனை 35 செ.மீ. கோலை வைத்தோம். முதல் சிவப்பு முதல் பட்டாலியனில், இரண்டாவது சிவப்பு இரண்டாவதில், மூன்றாவது சிவப்பு மூன்றாவதில். ஒரே குண்டுக்கு அடியில் ஒன்பது பேர்! பகடை 3, நேராகப் போனது. ஐந்து பேர் வீழ்ந்தார்கள். கணக்கில் இது வரும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கோல் அப்படி மூன்று பட்டாலியன்கள்மேல் படுத்திருப்பதைப் பார்த்தபோது மூவருமே சற்று நேரம் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

முனையிலிருந்த பட்டாலியனை என் பக்கம் திருப்ப அவர் முயன்றார். அதுதான் அந்த 38 செ.மீ. வில். இரண்டரைச் சுற்று வேண்டும், அவரிடம் ஒன்றுகூட மிச்சமில்லை. பாதி திரும்பிய நிலையில், இரு வெள்ளைப் பட்டாலியன்களின் முதல் சூடு கிட்டத்தில். பாதிக்கு மேல் போனது. 10 தேவை, 7 விழுந்தது. ஓடியவர்கள் இரண்டாம் பட்டாலியனைக் குலைத்துக்கொண்டு போனார்கள்.

இடப்பக்கம் இப்படி இருக்க, வலப்பக்கத்தில் என் நிலை பரிதாபம். பாசாங்குக்குப் போன இரண்டு பட்டாலியன்களும் கேனிஸ்டர் தூரத்துக்குள் சிக்கிக்கொண்டன. ஒன்று நின்ற இடத்திலேயே பாதியானது. அந்த நேரம் பார்த்து அவருடைய கனரகக் குதிரைப்படை ஓடைத்துறையைக் கடந்தது. டிராகூன்கள் எதிர்த்துப் போய் ஒரே மோதலில் உடைந்தன. பின்னாலேயே இரண்டு பட்டாலியன்களும். ஆறாம் சுற்றின் முடிவில் என் வலப்பக்கமே மேசையில் இல்லை. இருபது நீலக் குதிரைகள் திரும்பினால் என் இடப்பக்கத்தின் முதுகு அவர்களுக்குத் திறந்து கிடக்கிறது.

இங்கே ஒரு விதி குறுக்கிட்டது. மோதலில் வென்ற குதிரைப்படை நின்று ஒழுங்காக வேண்டுமானால் 4 அல்லது மேல் போட வேண்டும். இல்லையென்றால் தப்பி ஓடுபவர்களைத் துரத்திக்கொண்டே போகும். நண்பர் முதல் பிரிவுக்கு 2 போட்டார், இரண்டாவதற்கு 3. இருபது குதிரைகளும் தப்பியோடியவர்களைத் துரத்தி, மேசையோரம் நின்ற என் சாமான் வண்டிகளில் போய் முட்டின. நியாயமில்லை என்று அவர் வாதாடினார். 1745 செப்டம்பர் 30-இல் ஸூரில் ஆஸ்திரிய இலகுப் படைகள் பிரடெரிக்கின் முதுகில் பாய்வதை விட்டுவிட்டு அவருடைய முகாமைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தன. மன்னரின் புல்லாங்குழல்களோடு பீஷ் என்ற அவருடைய நாயையும் கொண்டுபோனார்கள். போரில் வென்றது பிரடெரிக். இதைச் சொன்னதும் நண்பர் சமாதானமானாரா என்றால், இல்லை.

எட்டாம் சுற்றில் ஓபர்ஸாவ் முகட்டைக் கைவிட்டது, இரண்டு பீரங்கிகளோடு. கிராமத்திலிருந்த பட்டாலியன் ஓர் ஆள்கூடக் குறையாமல் கொடியோடு வெளியேறியது. ஐந்து பட்டாலியனில் இரண்டையும் டிராகூன்கள் அனைவரையும் இழந்து ஒரு முகடு வாங்கினேன்.

பிறகு

பழுதுபார்க்க வேண்டியவை குறைவுதான். உலோகத் தளபதிகளின் வாள் இரண்டு வளைந்தன. சாமணத்தால் மெல்ல ஒரே தடவையில் நிமிர்த்த வேண்டும், முன்னும் பின்னும் ஆட்டினால் உடையும். பிளாஸ்டிக் வீரர்களின் துப்பாக்கிமுனைக் கத்தி (பயனெட்) உடைந்த இடத்தில் கைத்துளைப்பானில் 0.4 மி.மீ. துளை போட்டு, பித்தளைக் கம்பி சொருகி, சூப்பர் க்ளூ ஒரு சொட்டு. அசலைவிட உறுதி. தொப்பியின் முனைகளில் பெயின்ட் உரிந்திருந்தது. விரலால் அங்கேதான் பிடிக்கிறோம். இனி தளத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்று பெட்டி மூடியில் எழுதி ஒட்டினேன்.

குண்டுக் கோலில் மூன்றாவது சிவப்பை 4 செ.மீ.யிலிருந்து 3 ஆக்கியிருக்கிறேன், உருளும் குண்டுக்கு அது போதும். காட்டிலிருந்து வெளிவரும் விதி அப்படியே இருக்கும். துரத்தும் குதிரைக்கு 4 என்பதை 3 ஆக்க வேண்டும் என்று நண்பர் விடாமல் கேட்கிறார். அடுத்த போரில் கனரகக் குதிரைப்படை என் பக்கம் வருகிறது. அது முடிந்ததும் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.